யாருக்கும் பொண்டாட்டி இல்லைன்னு ஒரு சான்றிதழ்

...அதைத்தான் தம்பி நானும் கேட்டேன்! கல்யாணம் ஆனதுக்குச் சான்றிதழ் கேட்டா நியாயம். ஆகாததுக்கு எங்க போய் வாங்குறது? ‘இந்த அம்மா இப்போ யாருக்கும் பொண்டாட்டி இல்லை’ன்னு நம்ம ஊர்ல எழுதி, முத்திரை குத்தி, ‘அந்த முத்திரை நிஜ முத்திரைதான்’னு இன்னொருத்தர் முத்திரை குத்தி... அப்புறம்தான் இந்த நாட்டுல கல்யாணம் பண்ண விடுவாங்களாம். வெளிநாட்டுக் கல்யாணம்னா சும்மாவா!

கொஞ்சம் நகருங்க, பையை வச்சுக்கிறேன். இந்த ஆபீசுக்கு நீங்க எதுக்கு வந்தீங்க? பேர் திருத்தவா? ஒரே ஒரு எழுத்தா? கொடுத்து வச்சவர்.

எனக்கு ரெண்டாம் கல்யாணம். என்ன அப்படிப் பாக்குறீங்க? அம்பத்தி மூணு வயசு, துணி தைக்கிறவ, முழங்கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்குறதில்ல... எல்லாம் எனக்கும் தெரியும். அதோ, ஜன்னல்கிட்ட மீசைக்கு மை அடிச்சுட்டு வந்து நிக்கிறாரே, அவர்தான் மாப்பிள்ளை. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். மகளைப் பாக்க வந்த இடத்துல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், இவர் வந்து கதவைத் திறந்தார். அன்னைக்குப் பேசாம படியில இறங்கியிருக்கணும்!

முதல் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. செத்துட்டார்னு நான் சொன்னா போதாதாம். பொண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியாதாம்! சரின்னு சான்றிதழ் கொண்டுவந்தா, அதை மொழிபெயர்க்கணுமாம், அதுவும் இவங்க சொல்ற ஆள்தான். அந்தப் புண்ணியவான் ‘காலமானார்’ங்கிறதை எப்படிப் பெயர்த்தானோ... கவுன்ட்டர் அம்மா கேக்குது, ‘உங்க வீட்டுக்காரர் தாமதமா வருவாரா?’ உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷன் எங்கயும் நேரத்துக்கு வந்ததில்ல. இனிமேயா வரப்போறார்!

அப்புறம் என்னை மட்டும் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கேள்வி. ‘யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? உங்க சொந்த விருப்பம்தானா?’ சிரிப்பு வந்துடுச்சு தம்பி. முதல் கல்யாணத்தப்போ... சின்னப் பொண்ணு நான்... ஒருத்தராவது இதைக் கேட்டாங்களா? ம்... விடுங்க. அப்போ கேக்க ஆளில்ல, மூட்டு தேஞ்சப்புறம் கேக்குறாங்க.

இப்போ சாட்சி. ரெண்டு பேர், நேர்ல, அடையாள அட்டையோட. அவர் பக்கத்து ஆள் ரெடி. அதோ, வாயைத் திறந்துகிட்டுத் தூங்குறாரே, அவர்தான். என் பக்கம் மகள். மருந்துக்கடையில வேலை. காலையில போன், ‘ஷிஃப்ட் மாத்த முடியலம்மா.’ ஷிஃப்ட்டாம்! கோபம்னு நேரா சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா? ‘அப்பா போட்டோவை என்ன பண்ணப் போறே?’ன்னா. ஏன், சுவத்துலதான் இருக்கும். மாப்பிள்ளையே ஆணி அடிச்சுத் தர்றேன்னு, வீட்டுல எந்தச் சுவரு தாங்கும்னு தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டிருக்கார். அதைச் சொன்னேன். போனை வச்சுட்டா.

...இந்த ஏசியைக் கொஞ்சம் குறைச்சா இவங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?

இன்னையோட அந்தச் சான்றிதழ் காலாவதி தம்பி. ஆமா, மாத்திரை மாதிரி அதுக்கும் தேதி இருக்கு! நாளைக்கு விடிஞ்சா நான் திடீர்னு யாருக்காவது பொண்டாட்டி ஆயிடுவேனாம். மறுபடி ஊருக்குப் போய், மறுபடி முத்திரை... என் முழங்கால் தாங்காது. முன் வரிசையில ஒரு அம்மாகிட்ட சாட்சிக்கு வர்றீங்களான்னேன். ‘உங்களை எனக்குத் தெரியாதே’ன்னாங்க. தெரியாட்டி என்ன? இந்த மாப்பிள்ளையையே எனக்கு இப்போதான் தெரியும்!

உங்ககிட்ட அட்டை இருக்குல்ல? ஒரு எழுத்து தப்பா இருந்தா என்ன, மூஞ்சி உங்களோடதுதானே?

என்ன, எந்திரிச்சுட்டீங்க? உங்க நம்பர் இன்னும் வரலையே... ஓ. சரி, போங்க. என் வாயாலதான் எல்லாரும் ஓடுறாங்க.

தம்பி... வாசல் அந்தப் பக்கம்! அது கல்யாணக் கவுன்ட்டர்...

ஏங்க! ஜன்னல்ல என்ன வேடிக்கை, சீக்கிரம் வாங்க! அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்புங்க! தம்பி, நில்லுங்க, சட்டையில ரெண்டாவது பொத்தான் தொங்குது. சாட்சி இப்படியா நிக்கிறது? பையில ஊசி நூல் இருக்கு. ஆடாதீங்க, குத்திடும். என்ன சொல்ல வர்றீங்க? எல்லாம் அப்புறம் சொல்லலாம். அப்பப்பா... என்னா பேச்சு பேசுறீங்க!