பெயருக்குப் பிடித்த இடம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா யாகோப் அவர்களே, திராட்சைக் கொடிக்கு அன்றி வேறெதற்கும் முதுகு வளைக்காத பெரியோர்களே, கூடை சுமந்து தோள் காய்த்த தாய்மார்களே, மால்டோவா மண்ணின் மக்களே, வணக்கம்.

திராட்சைக் கூட்டுறவில் கணினிப் பேச்சு எதற்கு என்பீர்கள். போன அறுவடையில் நம் எடைமேடையில் வண்டிகள் நகராமல் நின்றனவே, ஏன்? ஆள் இல்லையா? இருந்தார்கள். மின்சாரம் இல்லையா? இருந்தது. கணினி வட்டில் முறையாகப் பிடித்த இடம்தான் இல்லை.

எடையும் இனிப்பின் அளவும் தரவுத்தளக் கோப்பில் ஏறினால்தான் பழத்தைக் கொட்டலாம். அது நாம் போட்ட சட்டம். அந்தக் கோப்பு வளர முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. கோப்பின் நீளத்தை மட்டும் அறிவித்துவிடலாம். கண் இமைப்பதற்குள் முடியும். அல்லது கடைசி மூலைவரை சுழியங்களை எழுதி நிரப்பலாம். அதற்கு அரைநாள் எடைமேடையை மூட வேண்டும்.

பின்வரிசையில் ஒருவர் ‘வெளங்கலையே’ என்கிறார். அண்ணே, நிலவறைச் சுவரில் ‘இங்கே பீப்பாய்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதுவது முதல் வழி. பீப்பாயையே உருட்டி வந்து வைப்பது அடுத்த வழி.

கோடையில், பிளம் பழம் எடைக்கு வரும் நாட்களில், நம் கணினிப் பொறுப்பாளர் ஒக்தாவியன் அந்த அரைநாளைக் கேட்டார். “பிளம் வண்டியெல்லாம் உன் வீட்டு வாசல்ல நிறுத்தவா?” என்று சிரித்தோம். அவரும் வேறு வழியின்றி நீளத்தை மட்டும் அறிவித்து, சுவரில் எழுதினார்.

அறுவடை வந்தது. வண்டிக்கு வண்டி கேமரா எடுத்த படமும் அதே வட்டில் ஏறியது. எடைக்கு ஒரு துண்டு, படத்துக்கு ஒரு துண்டு. கோப்பு சிதறியது, ஒவ்வொரு வரிக்கும் இடம் தேடி வட்டு அலைந்தது, வெயிலில் வரிசை வளர்ந்தது.

அந்த வரிசையில் புரோஃபிரா அக்கா நின்றார். கணவர் போனபின் தனியாளாய்த் தோட்டம் காத்தவர். “இந்த வருஷமும் வெளையலன்னா கொடியப் புடுங்கிட்டு இத்தாலிக்குப் போயிடுவேன்” என்றிருந்தவர். அவ்வருடம் விளைந்தது; அருமையாக விளைந்தது.

“என்ன தம்பி, உன் கம்ப்யூட்டர் யோசிக்குதா?” என்று ஒக்தாவியனைக் கேட்டார்.

“இடம் தேடுது அக்கா. கொஞ்சம் பொறுங்க.”

“நான் பொறுப்பேன். என் பழம் பொறுக்காதே. கோடையிலயே இடம் புடிச்சாச்சுன்னாங்களே?”

“பேருக்குத்தான் புடிச்சது அக்கா.”

“பேருக்குப் புடிச்ச எடத்துல பேரைத்தான் கொட்டலாம்” என்றார். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வண்டியின் அடியில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது, குளவிகள் மொய்த்தன. அவர் முறை வந்தபோது பழம் நுரைத்திருந்தது. மது ஆலை மறுத்தது. பாடுபட்டு விளைந்த பழம் வினிகர்க் காடிக்குப் போயிற்று.

பனி உருகியதும் கொடிகளைப் பிடுங்கினார். இன்று அவர் இத்தாலியில் யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்பர்களே, வரும் கோடையில் அந்த அரைநாளைத் தரக் கை உயர்த்துங்கள். உயர்த்தும்போது பெருமை வேண்டாம். அவர் தோட்டத்தில் நிழல்கூட மிச்சமில்லை. அரைநாளை மிச்சம் பிடித்தோம் நாம். ஒரு தோட்டத்தைச் செலவழித்துவிட்டோம்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உயரப்போகும் கைகளுக்கு என் வணக்கம்.