பனியாற்றில் அடித்த முளை

பூவைக் கிள்ளுவதுகூட எனக்குப் பிடிக்காது, நீதிபதி அவர்களே. மலைச்சரிவில் ஒரு நீலப்பூ என் காலில் மிதிபட்டால் அன்று எனக்கு ரொட்டி இறங்காது. இந்த ஆல்ப்ஸ் மலையைப் பற்றி நான் எழுதிய கவிதைகளை ஜெனீவாப் பெண்கள் அழுதுகொண்டே படிப்பார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கவிதையோடு அறிவியலும் எனக்கு உண்டு. பனியாறு நகர்கிறது; வருடத்துக்கு எத்தனை அடி என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதை அறியப் பனிமேல் முளைக்குச்சிகள் அடித்தேன். மாடு மேய்ப்பவர்கள் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். சிவப்புச் சாயம் பூசி அடித்தேன். சாயம் பூசியது இன்னும் நன்றாக எரிகிறது என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

1821 ஆகஸ்டில் எனக்கு வழிகாட்டி தெயோதூல். வாய்த்துடுக்கான ஆள். "மலைக்கு அளவெடுத்து என்னங்கய்யா பண்ணப் போறீங்க, சட்டை தைக்கவா?" என்பான். ஒருநாள் பகலில் அவன் காலடிப் பனி உடைந்து, பிளவுக்குள் விழுந்தான். எங்கள் இருவர் இடுப்பையும் பிணைத்த கயிறு அவனைத் தாங்கிக்கொண்டது. நான் பாறையில் நன்றாகக் கால் ஊன்றியிருந்தேன். எனக்கு ஆபத்து இல்லை.

"கால் வைக்க இடம் கெடச்சிருச்சுய்யா, மெதுவா இழுங்க" என்றான். சற்றுப் பொறுத்து, "என்னங்கய்யா சத்தத்தையே காணோம், கவிதை எதுவும் தோணிருச்சா?"

கவிதை தோன்றவில்லை. இப்படியொரு முளையை எந்த இடையனும் அடுப்பில் வைக்கமாட்டான் என்று தோன்றியது. கத்தியை எடுத்தேன்.

கீழேயிருந்து அவன் குரல் இருபது நிமிடம் தெளிவாகக் கேட்டது. பனிக்குள் ஒலி நன்றாகப் பரவுகிறது என்று குறித்துக்கொண்டேன்.

கயிறு அறுந்துவிட்டதென்று அவன் மனைவி கத்ரீனிடம் சொல்லி அழுதேன். நடிப்பில்லை, எனக்கு எளிதில் அழுகை வரும். அவனுக்கு ஓர் இரங்கற்பாவும் எழுதினேன். நன்றிக்கு அவள் வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குப் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பினாள்.

சரிவைக் கணக்கிட்டு, நாற்பதாவது கோடையில் அவன் பனியாற்றின் கீழ்முனையில் வெளிப்படுவான் என்று அச்சிட்டுச் சொன்னேன். சாட்சிகள் வேண்டுமே என்று ஊரையே அழைத்ததும் நான்தான். தாங்கள்கூடக் குடைபிடித்து நின்றீர்கள். காத்திருந்த பதினாறாம் நாள் வந்தான். பனி அவனைக் கெடாமல் வைத்திருந்தது. இடுப்புக் கயிற்றையும்தான். அதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கத்ரீன் அவன் முகத்தைப் பார்க்குமுன் கயிற்றின் நுனியை எடுத்துப் பார்த்தாள்.

"அறுந்த கயிறு பிசிறு விடும்யா. இது பாலாடைக்கட்டிய வெட்டுனாப்பல இருக்கு. நாப்பது வருஷமா என் வீட்டுக் கட்டியத் தின்னீங்களே, ருசியா இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

எந்தத் தண்டனையும் கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஒற்றை அளவை வைத்துக்கொண்டு எந்த அறிஞனும் முடிவு சொல்லமாட்டான். ஆகவே அடுத்த கோடையில் கிழக்குப் பனியாற்றின் முனையிலும் ஓர் ஆளை நிறுத்தி வையுங்கள். அங்கே பனிக்குள் இருப்பவன் பெயர் மறந்துவிட்டது. தேதி குறித்து வைத்திருக்கிறேன்.