ஒரு சாண் இடப்பக்கம்

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துக் கட்டின புருஷன்மேல் காதல் வருவது அப்படியொன்றும் அதிசயமில்லை, மேடம். பலருக்கும் வருகிறதாம். எனக்கு மொட்டைமாடியில் வந்தது.

நீங்கள் பாறசாலைக்காரர், தமிழ் நன்றாகப் புரியும் என்று வாசலில் சொன்னார்கள். அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருக் கோயிலில் பங்குனி உற்சவத்தின்போது பள்ளிவேட்டை உண்டு. சுவாமி வேட்டைக்குப் போவார். மிருகத்துக்குப் பதில் ஓர் இளநீர். பின்னால் காடு மாதிரி இலைதழைகளைக் கட்டிவைத்து, சுவாமிக்காக ஒருவர் அம்பு விட வேண்டும். அந்த உரிமை என் மாமனார் வீட்டுக்கு. போன வருஷம் அவருக்குக் கை நடுங்கி, அம்பு சுவாமியின் குடையில் போய்க் குத்திக்கொண்டது. தெருவே சிரித்தது. இந்த வருஷம் நீ விடு என்று மஹேஷிடம் சொல்லிவிட்டார். மஹேஷ் என் கணவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வில்லை எந்தக் கையில் பிடிப்பது என்று என்னைத்தான் கேட்டார். நான் கல்லூரியில் வில்வித்தை அணியில் இருந்தவள்.

கோயில் வில்லுக்கு வேட்டை நாளுக்கு முன் நாண் ஏற்றக் கூடாது. அதனால் அதே அளவில் வேறொரு மரவில்லை வைத்துக்கொண்டு தை மாசமே பயிற்சியை ஆரம்பித்தோம். சாக்கில் தேங்காய்நாரை அடைத்து, அதன்முன் ஓர் இளநீர். மஹேஷ் விட்ட முதல் அம்பு மதிலைத் தாண்டிப் பக்கத்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த பாவக்காய்க் கொண்டாட்டத்தில், அதாவது வற்றலில், இறங்கியது.

"மஹேஷா, வேட்டைக்கு உனக்கு என்னோட பாவக்காயாக்கும் கிடைச்சுது, இல்லையா?" என்றாள் அடுத்த வீட்டு சரோஜம் மாமி, அம்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஓடப் பாத்துது மாமி, விட்டுடலாமா?" என்றார் இவர்.

நான் சிரித்த சிரிப்பில் கீழே காக்கைகள் கலைந்தன. அதற்கு முன்னால் அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

தினமும் அவர் ஆபீஸ் கிளம்பும் முன் மாடிக்குப் போவோம். பின்னால் நின்று முழங்கையை உயர்த்திவிடுவேன். தோளைத் தாழ்த்துவேன்.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்கோ."

"எத்தனை நேரம்டி? செத்துப்போயிடுவேன்."

"நான் விடும்போது விட்டா மதி, அதுவே போறும்."

அவர் முதுகில் என் நெஞ்சு. நான் மூச்சு விட்டால் அவரும் விடுவார், அம்பும் போகும். மாமி மதிலருகில் வந்து நின்று, "என்னடி பத்மா, வில்லைப் பிடிக்கச் சொல்லிக் குடுக்கறயா, ஆளைப் பிடிச்சுக்கறயா?" என்பாள். ரெண்டும்தான் மாமி என்பேன். பஸ்ஸில் போகும்போது தனக்குத்தானே சிரிக்கிற பெண்ணாக ஆகிவிட்டேன் நான். வாசலில் கோலத்துப் புள்ளிகள்கூட அம்பு பட்ட குறிகளாகத் தெரிந்தன. உங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்திருக்கும், மேடம்.

மாசியில் அவருடைய அண்ணா நவநீத் மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவர் நாணை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்கு விசா வந்தூட்டுதுடா. சித்திரை விஷு கழிஞ்சா கிளம்பிடு."

"பத்மாவோ?"

"ரெண்டு வருஷம் கழிஞ்சு பாக்கலாம். முதல்ல நீ வா."

இவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். நல்ல செய்தி என்பதால் நான் பாலடைப் பிரதமன் வைத்தேன்.

மறுநாள் காலை, சாக்கில் இளநீருக்கு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தேன். "இனி இதைப் பாத்து விடுங்கோ. கோயில் வில் வலப்பக்கமாக்கும் இழுக்கும். அதனாலதான் அப்பாவோட அம்பு குடையிலே போய்ப் பட்டுது," என்றேன். நம்பினார். மாமனாரின் நடுக்கத்தைத் தவிர அந்த வில்லில் ஒரு குற்றமும் கிடையாது. பங்குனி பிறப்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டும் பொட்டில் அடிப்பார். எனக்கு அவ்வளவு பெருமை.

நவநீத் உற்சவத்துக்கு மன்னி விஷ்ணுப்ரியாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு செண்ட் பாட்டில் வாங்கி வந்திருந்தார். அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேட்டையன்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"முன்னாலேந்து எல்லாரும் எடுப்பா, அண்ணா. இலைக்குப் பின்னாலே உக்காந்து எடுத்தா அம்பு நேரே கேமராவைப் பாத்து வரும், கேட்டேளா," என்றேன் நான்.

"எனக்குப் பட்டுடாதோடீ?"

"கோயில் வில் வலப்பக்கம் இழுக்கும். நீங்க அவருக்கு இடப்பக்கமா இருங்கோ. அவர்கிட்டே மட்டும் சொல்லாதேங்கோ, கை பதறிடும்."

தரையில் உட்கார்ந்தால் வேஷ்டி அழுக்காகும் என்று நானே அங்கே ஒரு மணையைப் போட்டேன். அம்பின் இரும்பு நுனியைக் காலையிலேயே தேய்த்து மினுக்கிவைத்திருந்தேன்.

வேட்டைக்குப் போகும்போது செண்டை மேளமும் கிடையாது, நாதஸ்வரமும் கிடையாது. மிருகம் கலைந்து ஓடிவிடக் கூடாதல்லவா. அம்பு பாயும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தெரு நிறைய ஜனம், தீவட்டி எரிகிற சத்தம் மட்டும். அதைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மஹேஷ் நாணை இழுத்தபோது இலைகளுக்கு நடுவே போன் வெளிச்சம் தெரிந்தது. மன்னிக்கும் தெரிந்தது. வாய் திறக்கப் போனாள். என்னைப் பார்த்தாள், வில்லைப் பற்றித் தெரிந்தவள் நான்தானே. நான் உதட்டில் விரலை வைத்துத் தலையசைத்தேன். மன்னி நல்ல ஆசாரமான வீட்டுப் பெண். வாயை மூடிக்கொண்டாள்.

நான் மூச்சு விட்டேன். நாலடி தள்ளி நின்றிருந்த அவரும் விட்டார்.

சங்கு ஊதினார்கள், செண்டை முழங்கியது. செண்டை நின்ற பிறகுதான் மன்னி அழுவது எல்லோருக்கும் கேட்டது. நவநீத்துக்குக் கழுத்தில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கவில்லை.

விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதினீர்கள். மஹேஷின் பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கிவைத்திருந்த வாரங்களில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா? அவர் என்னோடு பேசவில்லை, அப்பாவின் அறையில்தான் படுத்தார். துக்கம் அப்படித்தான். மாடிப்படி வழியே நான் வந்தால் திரும்பிக்கொள்வார். வெட்கம்.

ஆனால் போன வாரம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அண்ணா பார்த்த வேலையை மஹேஷுக்கே தருகிறார்களாம். மன்னிக்கும் குழந்தைக்கும் இனி தான்தானே சம்பாதிக்க வேண்டும் என்று மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய நல்ல குணத்தை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விமானம்.

அதனால்தான் இன்றே வந்தேன். அது விபத்து இல்லை. நவநீத்தை அங்கே உட்காரவைத்தது நான், அங்கே அடிக்கப் பழக்கியது நான், மன்னியின் வாயை அடைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அம்பு விட்டது அவர் கை என்பதால் பாஸ்போர்ட்டை மறுபடியும் வாங்கிவைக்க வேண்டியிருக்கும், இல்லையா? முதல் சாட்சியும் அவர்தான். வழக்கு எத்தனை வருஷம் நடந்தாலும் ஊரிலேயே இருப்பார்.

கோர்ட்டில் எனக்கு எதிரே நின்று, என்னைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசுவார். இந்த எட்டு வருஷத்தில் அவர் என்னைப் பற்றி அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதே இல்லை, மேடம்.