தெனியின் முதுகுக்கு ஒரு குண்டு

நல்ல மார்க்கரை வாங்குவது சுலபம். அதைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் வேலை. துப்பாக்கி என்று சொல்லக்கூடாது, சுற்றுலாக்காரர்கள் பயந்துவிடுவார்கள் என்பார் எங்கள் மேலாளர் பாட்ரிக். சாயக் குண்டு சுடுகிற சாமானுக்கு வேறென்ன பெயர் என்று நான் கேட்டதில்லை.

ஹோட்டலின் பெயிண்ட்பால் மைதானம் ரிவியேர் டு ராம்பார் ஊருக்கு அப்பால், சவுக்குத் தோப்பில் இருக்கிறது. தொண்ணூற்று நாலில் அதற்கு இருப்பதிலேயே உசத்தியான மார்க்கரைத் தேர்ந்தெடுத்தவள் நான். ரப்பர் வளையங்களுக்கு எண்ணெய், குழலுக்குள் துணி, பிறகு வேகச் சோதனை. வேகத் திருகைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலே குண்டு தோலைக் கிழிக்கும். அதனால் அந்தத் திருகு என் பொறுப்பு.

நான் இயற்பியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் முதல் ஆள். அம்மா ஆலையில் ஸ்வெட்டருக்குக் கை தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். மைதானப் பொறுப்பாளர் வேலைக்கு நான் மனுப் போட்டேன். பாட்ரிக் அதைத் தன் அக்கா மகன் தெனிக்குக் கொடுத்தார். அவன் பள்ளியையே முடிக்காதவன்.

"என்ன மாம்செல், கோவமா?" என்றான் தெனி. "உன் டிப்ளோமாவை எண்ணெயில முக்கித் துடை. சாமான் பளபளன்னு இருக்கும்."

"ஆயோ தெனி, திருகு அவ கையில இருக்கு, பார்த்துக்க" என்றாள் போட்டோ எடுக்கும் யொலாந்த்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தவர் பொறுப்பாளரின் முதுகில் ஒரு குண்டு சுடுவார். யொலாந்த் படம் பிடிப்பாள். தெனி முகமூடியைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பான். படத்தில் தலைமுடி அழகாக விழ வேண்டும் அவனுக்கு.

அந்தச் சனிக்கிழமை திருகைக் கடைசிவரை முறுக்கினேன். முதுகு கொஞ்ச நாள் வலிக்கட்டும் என்றுதான். வேறெதுவும் நினைக்கவில்லை. ஜெயித்தவர் ஒரு ஜெர்மன்காரர். மார்க்கரை நானே அவர் கையில் கொடுத்தேன். கழுத்துப் பக்கமாகக் குறி வையுங்கள், சாயம் படத்தில் நன்றாகத் தெரியும் என்றேன்.

தெனிக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மங்குகிறதாம். பாட்ரிக் அழுதபோது தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருகு தானாக நழுவியிருக்கும் என்கிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் மார்க்கரில் எதுவும் தானாக நழுவாது. அதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

முதுகைக் காட்டி நின்றவன் ஏன் திரும்பினான் என்று கேட்கிறீர்கள். ஜெர்மன்காரரின் விரல் விசையில் அழுந்தும்போது, "தெனி" என்று கூப்பிட்டேன்.

முகமூடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லத்தான்.