விருத்தத்துக்காகப் பிறந்த மூன்று பெண்பிள்ளைகள்

மேடையில் இருக்கும் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து மழைக்குள் வந்த பெரியோரே, பின்வரிசையில் என்னோடு இருந்த பெண்களே, வணக்கம். நிற்க முடியவில்லை, கதிரையைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

கல்வெட்டுக் கவிஞர் பூபாலசிங்கம் போய்விட்டார்! இந்தக் கொழும்பில் நம்மவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் அவர் கையால்தானே வரும்? இறந்த திதிக்கு வெண்பா, மனைவி புலம்புவதாக விருத்தம், மக்கள் புலம்புவதாக இன்னொரு விருத்தம். எத்தனை பேருடைய அழுகையை அவர் எழுதினார்! இன்று அவருக்கு யார் எழுதுவது?

என் வீட்டுக்காரர் இறந்து பதினேழு வருஷம். அவருக்கும் பூபாலசிங்கம்தான் எழுதினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில் அதை வாசித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏன்? மூன்று பெண்மக்களைக் கரைசேர்க்காமல் போனீரோ என்று நான் புலம்புகிறேனாம்! எனக்கு இருப்பது ஒரே மகன். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் தெரியும். இரண்டு பேர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

புத்தகக் கட்டோடு, அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒரு மகன் எண்டு போட்டால் விருத்தத்திலை ஒரு சீர் குறையுது" என்றார்.

"அதுக்காக எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையளோ? ஆர் சீதனம் குடுக்கிறது, நீரோ?"

"அப்ப, நீங்கள் என்னெண்டு அழுதனீங்கள்? சொல்லுங்கோவன்."

கேட்டவுடன் அழுகை வருமா? திரும்பிவிட்டேன். படி இறங்கும்போதுதான் வாயில் வந்தது:

எட்டுமணி ட்ராமுக்கு எட்டி நடந்தவரே,
விட்ட குடையிருக்க விடிஞ்சும் வரவில்லையே!

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா."

வெண்பாவையும் விருத்தத்தையும் கரைத்துக் குடித்த மனிதர், அன்றிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார். செத்தவீடுகளில் பெண்கள் இருக்கும் பக்கத்து யன்னலுக்கு வெளியே நின்று ஒப்பாரி கேட்டார். மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போன செபஸ்தியனுக்கு வலை இழுக்கும் பாட்டின் மெட்டில் எழுதினார். அதன்பிறகு மனைவியைக் கேட்காமல் மனைவி புலம்பல் எழுதியதே இல்லை. ஆனால் என் புத்தகத்தைத் திருத்தி அச்சடித்துத் தந்தாரா? இல்லை! அந்த மூன்று பெண்களும் பதினேழு வருஷமாக என் அலுமாரிக்குள் கலியாணமாகாமல் இருக்கிறார்கள். அதை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்தும் மன்னிக்கவில்லை.

சற்று முன் அவருடைய மாணவர் தில்லைநாதன், ஆசிரியரின் கல்வெட்டுக்காகத் தான் எழுதிய மனைவி புலம்பலை வாசித்தார். பத்துச் சொல்லில் எட்டு எனக்கு விளங்கவில்லை. பூபாலசிங்கத்தின் மனைவி மயிலம்மா என் பக்கத்தில்தான் இருந்தாள். தலை நிமிரவில்லை.

மேடைக்கு வரும்போது, "இவளைக் கேட்டனீரோ தம்பி?" என்றேன்.

"நேரமில்லை ஆச்சி, நாளைக்கு அச்சுக்குக் குடுக்கவேணும்."

அந்த மனிதர் யன்னலோரம் நின்று படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா?

எனக்கு எழுத வராது, களைத்தும் போனேன். ஆனாலும் நாளைக் காலை பாமன்கடை வீட்டில் மயிலம்மாவின் பக்கத்தில் இருப்பேன். தம்பி தில்லைநாதன், நீர் பென்சிலோடு வாரும். அவள் சொல்வதை எழுதும். ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விடும்.

அவளுடைய பிள்ளைகளை மட்டும் சரியாக எண்ணிப் போடும். இரண்டு பேர்.