புகை எந்தப் பக்கம்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், மடியில் தூக்குவாளி.

"நீ என்னத்தா, தூக்குவாளி இல்லாமக் கிளம்பிட்ட?"

"சாத்தூருல நோட்டு வாங்கணும்க்கா. வேலைய விட்டுட்டேன். மகளையும் பள்ளிக்கூடத்துல இருந்து நிப்பாட்டிட்டேன். இனி நாந்தான் அவளுக்கு டீச்சர்."

"நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே!"

"எங்கனயாச்சும் வெடிச்சா பிள்ளைக எல்லாம் வெளிய ஓடியாந்து, புகை எந்தப் பக்கம்னு பாக்குதுக. யாரு அம்மா எந்தக் கம்பெனின்னு அதுகளுக்கு அத்துப்படி. போன மாசம் புகை எங்க கம்பெனிப் பக்கம். வெடிச்சது பக்கத்துக் கம்பெனிதான், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் போய்ச் சேர்ற வரைக்கும் அம்புட்டுப் பிள்ளைகளும் எம்மகளையே பாத்துக்கிட்டு நின்னுச்சாம். அதுலருந்து அவளுக்குப் பாடமே ஏறலக்கா. காது வெளியவே கெடக்கு."

"வீட்டுல இருந்தா மட்டும் சத்தம் கேக்காதா?"

"கேக்கும். எதிர்ல நான் உக்காந்திருப்பேன்ல."

கம்பெனிக்குப் பாதை பிரியும் விலக்கு வந்ததும் மூத்தவள் தூக்குவாளியோடு எழுந்தாள்.

"எம்மகனும் அந்த வகுப்புலதான இருக்கான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.