தம்பியோடு மாற்றிக்கொண்ட கார்

மார்ச் பதினான்காம் தேதி, காலை எட்டேகால் மணி. கிள்ளானிலிருந்து புறப்பட்ட ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவள் சொன்னாள்:

“மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கால் வராத என் தம்பியோட ஒரு மாசம் கார் மாத்திக்கிட்டேன்க்கா. அவனுது பெருசு, கால் வராதவங்க கார்ங்கிறதால ரோட் டேக்ஸும் கட்ட வேணாம்.”

“உன் காரை அவன் ஓட்டினானா?”

“எப்படி ஓட்டுவான்? அவன் கார்ல பிரேக்கெல்லாம் கையாலயும் போடலாம். என்னுதுல கால்ல மட்டுந்தான். சாவி வாங்குறப்போ எனக்கு உறைக்கவே இல்ல.”

“அறிவிருக்கா உனக்கு? வேலைக்கு எப்படிப் போனான்?”

“போகல. மாசம் பூரா லீவு.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

“அதான் நானும் கேட்டேன். ‘நீ என்கிட்ட ஒன்னு கேட்டதே இதான்க்கா முதல் தடவ’ன்னான்.”



மறுநாள் காலை நான் ரயிலுக்குப் போகவில்லை. என்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுவிட முடியுமா என்று, வீட்டில் யாரும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாத என் அண்ணனிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.